இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

கில்பர்ன், லண்டன்
4 ஜனவரி 1971

வில்ஃப்,

வந்து சேர்ந்துவிட்டேன். கிரிம்ஸ்பியில் நான் வண்டி ஏறும்போது, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாயே, அதையே லண்டன் வரை நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை கையாட்டியிருந்தால் கை கழன்று விழுந்துவிடுமா?

கிறிஸ்துமஸ் வான்கோழியை நடுவில் வைத்துக்கொண்டு நாம் போட்ட கூச்சலில், கடைசியாக என்ன பேசி முடித்தோம் என்று உனக்கு வசதியாக மறந்துபோகலாம். அதனால் எழுதிவிடுகிறேன். இந்த வருடம் முடிவதற்குள் நான் பாடிய இசைத்தட்டு ஒன்று விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வரவேண்டும். ஒற்றைப் பாட்டுச் சின்னத் தட்டோ, பன்னிரண்டு பாட்டு இருக்கும் பெரிய தட்டோ, ஏதோ ஒன்று. வந்தால் நீ உன் இசைத்தட்டுக் கடையை விற்றுவிட்டு இங்கே என்னோடு வந்து இருப்பாய். வராவிட்டால் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து உன் கல்லாவில் உட்கார்ந்துவிடுவேன், அப்புறம் பாட்டு என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். பதினான்கு வருடத் தாம்பத்தியத்தைப் பந்தயத்தில் வைத்தவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

என் பெயர் போட்ட சின்னத் தட்டு பதினைந்தாம் தேதி கடைக்கு வருகிறது. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் பெயர்! இதுவரை செய்ததெல்லாம் உனக்குத் தெரியும். அந்த மலிவுத் தட்டுகள். பட்டியலில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகளை எங்களைப் போன்ற பெயரில்லாத ஜென்மங்களை வைத்து அச்சு அசலாகப் பாடவைத்து, அட்டையில் அரை நிஜார் போட்ட பெண் ஒருத்தியை நிற்கவைத்து, மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். போன மாதம் ஒரு ஆம்பிளைப் பாடகனுக்குக்கூட நான்தான் குரல் கொடுத்தேன். எங்கள் இசை மேற்பார்வையாளர் மோர்ட்டன் சொல்வதுபோல, "நீ நீயா பாடறதுக்கு நான் காசு குடுக்கலம்மா."

ஒரே ஒரு உதவி. பட்டியல்காரர்கள் பொறுக்கியெடுத்த கடைகளில் உன் கடையும் ஒன்று. அந்த வாரம் எது எத்தனை விற்றது என்று நீங்கள் எழுதித் தபாலில் போடுவதைக் கூட்டித்தான் பட்டியலே போடுகிறார்கள். என் தட்டு பத்து விற்றால் முப்பது என்று எழுது. கம்பெனிக்காரன் ஒரு விஸ்கி பாட்டிலை வைத்துவிட்டுப் போனால் எழுதுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கட்டிய பெண்டாட்டிக்காக எழுதினால் என்ன?

நொரீன்


கிரிம்ஸ்பி
8 ஜனவரி 1971

நொரீன்,

கையுறையைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். குளிர். அதனால்தான் கை பைக்குள் இருந்தது.

விற்றதைத்தான் எழுதுவேன். பத்து விற்றால் பத்து. நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். ஆனால் நான் முப்பது என்று எழுதி நீ முதலிடம் வந்தால், அது நீ ஜெயித்ததா, நான் எழுதியதா? அப்புறம் கடையை விற்றுவிட்டு உன் எதிரில் உட்கார்ந்து எந்த முகத்தோடு சாப்பிடுவேன்?

உன் படத்தைக் கண்ணாடி ஜன்னலில் மாட்டியிருக்கிறேன். மீன் புகைபோடும் கொட்டகையில் வேலை பார்க்கும் ஐவி நேற்று வந்து கத்தினாள். "ஏம்ப்பா வில்ஃப், பொண்டாட்டிய லண்டனுக்கு அனுப்பிட்டு பொண்டாட்டி படத்த ஜன்னல்ல மாட்டிருக்கியே, படம் எதுத்துப் பேசாதுன்னா?" கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கொல்லைப்புறக் குழாய் உறைந்துபோய் வெடித்துவிட்டது. மற்றபடி ஒன்றும் இல்லை.

வில்ஃப்


கிரிம்ஸ்பி
18 பிப்ரவரி 1971

நொரீன்,

இந்தக் கடிதம் மீன் நாறினால் என்னைத் திட்டாதே. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. முடிகிற வழியைக் காணோம். ஆர்ச்சி தினமும் லண்டன் மீன் சந்தைக்கு லாரி ஓட்டுகிறான். "குடு, ஹேடக் மீன் பெட்டிக்கு மேல வெச்சு எடுத்துட்டுப் போறேன், கடுதாசி கெட்டுப்போகாது" என்றான்.

உன் தட்டு இங்கே ஓடு ஓடு என்று ஓடுகிறது. இரண்டு தடவை தீர்ந்துபோய் மறுபடி வரவழைத்தேன். கொட்டகைப் பெண்கள் கூட்டமாக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாட்டுப் பெட்டி இல்லாத வீட்டுக்காரிகூட வாங்கினாள். சும்மா அலமாரியில் வைக்கவாம். பக்கத்து ஊரான லிங்கனில் கடை வைத்திருப்பவரும் நன்றாகப் போகிறது என்று போனில் சொன்னார்.

நான் சொன்னபடி விற்றதை மட்டும்தான் எழுதினேன். அதுவே நிறைய இருந்தது. ஆனால் அனுப்பத் தபால் இல்லை. நான்கு வாரக் கணக்கு மேஜை டிராயருக்குள் கிடக்கிறது. பெரிய தட்டுகளுக்குப் பட்டியலே போடவில்லையாம். சின்னத் தட்டுக்கு எங்கெங்கோ கைக்கெட்டிய கடைகளைக் கேட்டு ஒப்பேற்றுகிறார்களாம். கிரிம்ஸ்பி யார் கைக்கும் எட்டவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான்.

திங்கள்கிழமை ஷில்லிங்கை ஒழித்துப் புதுக் காசு வந்தது முதல் கடையில் சண்டைதான். ஐவி பழைய ஷில்லிங் கணக்கில்தான் கொடுப்பேன் என்கிறாள். உனக்கு அங்கே எப்படி இருக்கிறது என்று எழுது. ஆர்ச்சியிடமே கொடுத்தனுப்பு.

வில்ஃப்


கில்பர்ன்
26 பிப்ரவரி 1971

வில்ஃப்,

உன் ஆர்ச்சி லாரியைத் தெருவில் நிறுத்திக் கதவைத் தட்டினார். கில்பர்ன் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டது. நான் மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்தேன். நம் ஊர் வாடை.

பாட்டு செத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் வானொலியில் பட்டியல் சொல்வார்கள். ஐந்து செவ்வாய் கேட்டேன். ஐம்பதுக்குள்ளேகூட இல்லை. மோர்ட்டனிடம் போய், எங்கள் ஊரில் விற்கிறது, தபால்தான் போகவில்லை, வேலைநிறுத்தம் முடிந்ததும் இன்னொரு தடவை தள்ளிப்பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆறு வாரம் ஆச்சு நொரீன். ஆறு வாரப் பாட்ட யாரும்மா தொடுவா? விடு. வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துடு, நாலு பாட்டு இருக்கு."

போனேன். வேறு என்ன செய்வது? இப்போது நாடெல்லாம் முணுமுணுக்கிற ஒரு பெண்ணின் பாட்டு. அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள், எந்த எழுத்தை விழுங்குகிறாள் என்று ஐம்பது தடவை போட்டுக் கேட்டு, அப்படியே பாடிக் கொடுத்துவிட்டு வந்தேன். "பிரமாதம், நீ பாடினதாவே தெரியல" என்றார் மோர்ட்டன். அதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாராட்டு.

நீ முப்பது என்று எழுதியிருந்தாலும் அந்தக் காகிதமும் அதே டிராயருக்குள்தான் கிடந்திருக்கும். ஆக உன்மேல் கோபப்படுவதற்குக்கூட எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. களைப்பாக இருக்கிறது, வில்ஃப். ஆனால் வருடம் இன்னும் முடியவில்லை.

நொரீன்


கிரிம்ஸ்பி
14 ஏப்ரல் 1971

நொரீன்,

ஈஸ்டருக்கு வருவாய் என்று ஆட்டுத்தொடை வாங்கிவைத்தேன். வியாழக்கிழமை வந்த உன் தபால் அட்டையில் "வேலை இருக்கிறது" என்று இரண்டு வார்த்தை. ஆட்டுத்தொடையை நான்கு நாள் தின்றேன்.

தெருக்கோடியில் வந்திருக்கும் பெரிய பலசரக்குக் கடையில் சோப்புத்தூளுக்குப் பக்கத்தில் இசைத்தட்டும் அடுக்கியிருக்கிறார்கள். சோப்பு வாங்க வருகிறவர்கள் அப்படியே தட்டையும் எடுத்துப் போகிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் கேட்டுப் பார்த்துவிட்டு அங்கே போய் வாங்குகிறார்கள். நேற்று ஒருத்தன் என் கடையில் நின்று மூன்று பாட்டை முழுசாகக் கேட்டான். "நல்லாருக்கு, யோசிக்கறேன்" என்றான். அவன் யோசிக்கிற இடம் எது என்று எனக்குத் தெரியும்.

நீ இருந்தால் இப்படிப்பட்டவர்களை நன்றாகத் திட்டுவாய். எனக்குத் திட்ட வரவில்லை. டிசம்பர் வரை எதற்கு இழுக்கவேண்டும்? இப்போதே வந்துவிடேன்.

வில்ஃப்


கில்பர்ன்
6 ஜூலை 1971

வில்ஃப்,

என் கையெழுத்து கோணலாக இருந்தால், படுக்கையில் கிடந்துகொண்டு எழுதுவதால். குரல் போய்விட்டது. கரகரப்பு இல்லை, சளி இல்லை, சுத்தமாகப் போய்விட்டது. போன வாரம் ஒரே நாளில் ஐந்து பேருடைய குரலில் பாடினேன். ஆறாவதாக ஒரு பாட்டுக்கு வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மோர்ட்டன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மைக்குல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "மூணு வாரம் வாயத் தெறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. மீறினா அப்புறம் பாட்ட மறந்துடுங்க" என்றார். வீட்டுக்கார அம்மாள் பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்று கொடுத்திருக்கிறாள். அதில் "பால் வேண்டும்" என்று எழுதிக் காட்டுகிறேன்.

பேசாமல் இருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயமாக இருக்கிறது. திரும்பி வருமா, வந்தால் யாருடைய குரலாக வரும் என்றெல்லாம் யோசனை ஓடுகிறது. ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன், வில்ஃப். பேச வேண்டியதில்லை, என்னால் பேசவும் முடியாது. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திரு.

நொரீன்


கிரிம்ஸ்பி
12 ஜூலை 1971

நொரீன்,

உன் கடிதம் கிடைத்தது. வரத்தான் நினைத்தேன். இந்த வாரம் சரக்குக் கணக்கு எடுக்கிறேன், அடுத்த வாரம் பின்சுவருக்குப் பூச்சு. கடையை மூடினால் இருக்கிற நாலு பேரும் சோப்புக் கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆர்ச்சியிடம் தேன் ஒரு பாட்டிலும், ஐவி கொடுத்த புகைபோட்ட மீனும் அனுப்பியிருக்கிறேன். தேனை வெந்நீரில் கலந்து குடி. டாக்டர் சொன்னபடி கேள்.

வில்ஃப்


கிரிம்ஸ்பி
23 ஆகஸ்ட் 1971

என் நொரீன்,

நீ ஜெயித்துவிட்டாய்!

உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நான்தான் தாமதம். இந்த மாதம் பட்டியல்காரர்கள் விதியை மாற்றி, மலிவுத் தட்டுகளையும் பெரிய தட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததுதான் தாமதம், உங்கள் கம்பெனியின் மலிவுத் தட்டு முதலிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பெரிய பெரிய குழுக்களெல்லாம் ஒரு வருடம் உழைத்துப் போட்ட தட்டுகள் கீழே. நீங்கள் இரண்டு நாளில் பாடி முடித்தது மேலே. இசைப் பத்திரிகைக்காரர்களுக்கு வயிறு எரிகிறது. எனக்குக் குளிர்ந்துவிட்டது.

கடை திறந்ததும் தட்டை எடுத்துப் போட்டேன். அட்டையில் யார் பெயரும் இல்லை, அந்த அரை நிஜார் பெண்தான் இருந்தாள். நான் பெயரைத் தேடவில்லை. முதல் பக்கம் கேட்டேன், நீ இல்லை. திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. மேலே ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன விக்கல் வருமே, பாத்திரம் கழுவும்போது நீ பாடினால் வருமே, அதே விக்கல். யாரை மாதிரி பாடினாலும் அதை மட்டும் உன்னால் மறைக்க முடியாது. பின்னறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

தொண்டை போய், தேன் குடித்து எழுந்து இப்படிப் பாடியிருக்கிறாயே! ஐவிக்குப் போட்டுக் காட்டினேன். "அட ஆமாப்பா, நம்ம நொரீனேதான்! என்னா தொண்டைப்பா அவளுக்கு!" என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்று மட்டும் ஒரு பெட்டி தட்டு காலி.

பந்தயம் பந்தயம்தான். நான் பேச்சு மாற மாட்டேன். கடையை விற்கத் தரகரிடம் சொல்லிவிட்டேன்.

வில்ஃப்


கில்பர்ன்
2 செப்டம்பர் 1971

வில்ஃப்,

கடிதம் கிடைத்தது. குரல் திரும்பி வந்துவிட்டது. மேலே போகும்போது கொஞ்சம் கரகரக்கிறது, மற்றபடி சரி.

ஆமாம், முதலிடம்தான். மோர்ட்டன் எல்லாருக்கும் ஷெர்ரி ஒயின் ஊற்றினார், காகிதக் கோப்பையில். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

கடை விஷயத்தில் அவசரப்படாதே. தரகர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். நன்றாக யோசித்துச் செய். வேலைக்கு நேரமாகிவிட்டது.

நொரீன்


கிரிம்ஸ்பி
18 அக்டோபர் 1971

நொரீன்,

உன் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. களைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்கு ஆள் கிடைத்துவிட்டான். துணி துவைக்கும் இயந்திரங்களை வரிசையாக வைத்து, காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் கடை வைக்கப்போகிறானாம். நான் பாட்டுப் போட்டுக் காட்டிய இடத்தில் ஊர்க்காரர்களின் உள்ளாடை சுற்றப்போகிறது. நவம்பர் கடைசியில் கையெழுத்து.

சனிக்கிழமை கிளப்பில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "பொண்டாட்டி பின்னால போறியாடா, வில்ஃப்?" என்றான் ஒருத்தன். "நம்பர் ஒன் பின்னால போறான்டா, உன் வீட்டுக்காரி நம்பர் என்ன?" என்று ஆர்ச்சி ஒரு போடு போட்டான். இருபது வருடமாக அந்தக் கிளப்புக்குப் போகிறேன், எனக்கு ஒருவரும் பீர் வாங்கித் தந்ததில்லை. அன்று மேஜையில் வைக்க இடம் இல்லை.

என் அப்பா தொடங்கிய கடை. விற்கிறோமே என்று இருக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அந்த மூன்றாவது பாட்டைப் போட்டுக் கேட்கிறேன். சரியாகிவிடுகிறது.

வில்ஃப்


கில்பர்ன்
9 நவம்பர் 1971

வில்ஃப்,

இதை எழுதி எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைத்தால் மறுபடி கிழிப்பேன். அந்தத் தட்டில் பாடியது நான் இல்லை.

மூன்றாவது பாட்டு மட்டும் அல்ல. அந்தத் தட்டில் எந்தப் பாட்டிலும் நான் இல்லை. அது ஜூலையில் பதிவானது. நான் சிலேட்டில் "பால் வேண்டும்" என்று எழுதிக் காட்டிக்கொண்டு, நீ அனுப்பிய தேனைக் குடித்துக்கொண்டு படுத்திருந்த அந்த மூன்று வாரத்தில். எனக்குப் பதிலாக மோர்ட்டன் ஹாக்னியிலிருந்து லொரெய்ன் என்று ஒரு பெண்ணைப் பிடித்து வந்தார். பத்தொன்பது வயது, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள். நீ முகம் கழுவிக்கொண்டு வந்தது அவளுக்காக.

அந்த விக்கல் அவளுடையதும் இல்லை. அந்தப் பாட்டை முதலில் பாடிப் பேர் வாங்கியவளுடைய விக்கல். லொரெய்ன் அதைப் பார்த்துச் செய்திருக்கிறாள். இன்னும் சொல்லப்போனால், பாத்திரம் கழுவும்போது நான் விக்குவதும் என் சொந்தச் சரக்கு இல்லை. பதினேழு வயதில் வானொலியில் கேட்ட ஒருத்தியிடம் பிடித்துக்கொண்டது. உன் காதில் பதினான்கு வருடமாக நான் என்று இருப்பதே இரவல்தான்.

ஆகஸ்டிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ வரவேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆத்திரம். குரல் இல்லாமல் பயந்துபோய்க் கிடந்தபோது கூப்பிட்டேன். நீ மீன் அனுப்பினாய். வேறு எவளோ பாடியதைக் கேட்டதும் கடையையே விற்றுவிட்டு வருகிறேன் என்கிறாய். வரட்டும், வந்து முட்டாளாகி நிற்கட்டும் என்றுகூட ஒரு வாரம் நினைத்தேன். உன் கிளப்புக் கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. மேஜை நிறைய பீர் என்று எழுதியிருந்தாயே. அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்கவேண்டும். நீ கடையை விற்க வேண்டியதில்லை.

நொரீன்


கில்பர்ன்
20 டிசம்பர் 1971

வில்ஃப்,

நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் தபால் வரும் நேரத்துக்குப் படியிறங்கிப் போகிறேன்.

இந்த வருடத்தின் கடைசிப் பதிவு இன்று. லொரெய்னும் நானும் ஒரே மைக்கில் நின்றோம். நல்ல பெண். மேலே போக முடியாமல் திணறினேன்; "அக்கா, நீங்க கீழ பாடுங்க, மேல நான் பாத்துக்கறேன்" என்று காதோடு சொன்னாள். அவள் சொன்னபடியே கீழே பாடினேன்.

பேசியபடி பார்த்தால் தோற்றவள் நான். முப்பத்தொன்றாம் தேதிக்குள் நான்தான் அங்கே வரவேண்டும். வரச் சொன்னால் வருகிறேன். கடையில் எந்த மூலையில் உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன். ஆனால் நீ சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்து வாசலில் நிற்க என்னால் முடியாது.

நொரீன்


கிரிம்ஸ்பி
10 ஜனவரி 1972

நொரீன்,

கோபம் இருந்தது. கொஞ்சம் இன்னும் இருக்கிறது. ஊரைக் கூட்டிவைத்துப் பெருமை அடித்துக்கொண்டேன் பார், அதற்குத்தான் முதலில் கோபம். உன் கடிதம் வந்த பிறகு கிளப்புக்குப் போகவில்லை. துணி துவைக்கிறவனிடம் புது வருடம் வரை பொறு என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதி ஸ்டேஷன் பக்கம் போய், லண்டன் வண்டியிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தேன். நான் வரச் சொல்லாததால் நீ வரவில்லை. வந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் தட்டை மறுபடி போட்டேன். ஹாக்னிப் பெண், பல்லுக்குக் கம்பி, எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அப்படியும் நீயாகத்தான் கேட்கிறது. இந்தக் காதை என்ன செய்வது என்று தெரியவில்லை. விக்கலை நீ யாரிடமிருந்து வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். என் சமையலறையில் விக்கியது நீதானே.

இந்த வாரம் பத்திரிகை பார்த்தாயா? பட்டியல்காரர்கள் மறுபடியும் விதியை மாற்றி, மலிவுத் தட்டுகளையெல்லாம் வெளியே தள்ளிவிட்டார்கள். ஆக, நீ பாடாத தட்டு, இப்போது கணக்கிலும் சேராத தட்டு. அதை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஒரு வருடத்தைத் தின்று தீர்த்திருக்கிறோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கத்தான் தெம்பு இல்லை.

நீ வரவேண்டாம். இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். கில்பர்னில் ரேடியோ பழுது பார்க்கும் கடை ஒன்றில் ஆள் தேவை என்று ஆர்ச்சி விசாரித்துச் சொன்னான். சம்பளம் சொற்பம்தான்.

உன் விஷயத்தை ஐவியிடம் மட்டும் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப எதுக்குய்யா போற? பாடினது அவ இல்லையே. பந்தயத்துல நீதான ஜெயிச்சே?" என்றாள்.

"குரல் இல்லாதப்பதான் ஐவி அவ என்னக் கூப்பிட்டா. அப்ப நான் போகல" என்றேன்.

வியாழக்கிழமை மதிய வண்டியில் வருகிறேன்.

வில்ஃப்